எரியும் பாதத்துக்கு நரம்பு மாத்திரை

சர்க்கரை நோய் வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆனவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். சர்க்கரைக்கு இது, பிரஷருக்கு இது, கொழுப்புக்கு இது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றைத் தொட்டு, "இது கால் எரிச்சலுக்கு, நரம்புக்குச் சத்து" என்பார்கள். அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் பெரும்பாலும் இதே கூட்டணிதான்: மெத்தில்கோபாலமின் (பி12 வைட்டமினின் ஒரு வகை) 1500 மைக்ரோகிராம், ஆல்ஃபா லிபோயிக் அமிலம் 100 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 1.5 மில்லிகிராம், பைரிடாக்சின் 3 மில்லிகிராம். சிலவற்றில் பென்ஃபோடயமின் கூடுதலாக இருக்கும். சிலவற்றில் பிரிகாபலின் என்ற வலி மருந்தும் சேர்ந்திருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். இவர்களில் கணிசமானோருக்கு என்றாவது ஒருநாள் பாதத்தில் குறுகுறுப்பு தொடங்கும். நரம்பு வலிக்குக் காரணம் சர்க்கரை மட்டுமல்ல. குடி, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, தொழுநோய், புற்றுநோய் மருந்துகள் என்று பட்டியல் நீளம். ஆனாலும் நம் ஊரில் நரம்பு மாத்திரை அதிகம் விற்பது சர்க்கரைக்காரர்களுக்குத்தான். அதனால் இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அவர்களைச் சுற்றியே இருக்கும்.

உடம்பில் மிக நீளமான நரம்புகள் முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் நுனி வரை போகின்றன. நீளமான கம்பியின் கடைசி முனைதான் முதலில் பழுதாகும். அதனால்தான் தொல்லை கால்விரலில் தொடங்கி, சாக்ஸ் போட்டதுபோல மெல்ல மேலே ஏறி, அப்புறம் கைவிரலுக்கு வருகிறது. பகலில் வேலையில் மறந்திருக்கும் எரிச்சல் ராத்திரி படுத்ததும் தலைதூக்கும். போர்வை பட்டாலே சுரீர் என்று இருக்கும். ஒரு விசித்திரம் என்னவென்றால், ஒரே பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போதலும் சேர்ந்தே இருக்கும். பழுதான நரம்பு தொடுதலைச் சரியாகச் சொல்லாது, ஆனால் தானாகவே வலி சமிக்ஞையை அனுப்பிக்கொண்டிருக்கும். வீக்கமோ காயமோ காரணம் இல்லை என்பதால் பாராசிட்டமால் போன்ற வழக்கமான வலி மாத்திரைகள் இதில் எடுபடுவதில்லை.

எடுபடும் மருந்துகள் உண்டு. அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், பிரிகாபலின், கபாபென்டின் ஆகியவை. பிரிட்டனில் 130 பேரை வைத்து நடந்து 2022-ல் வெளியான ஆப்ஷன்-டிஎம் ஆய்வு இவற்றில் முதல் மூன்றை நேருக்கு நேர் ஒப்பிட்டது. எதில் தொடங்கினாலும், தேவைப்பட்டால் இன்னொன்றைச் சேர்த்தாலும், பத்துக்கு 6.6 என்றிருந்த வலி சராசரியாக 3.3-க்கு இறங்கியது. பாதி குறைந்தது நல்ல செய்திதான். மீதிப் பாதி அப்படியே இருக்கிறதே! கூடவே தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், தலைச்சுற்றல் வேறு. ஆக, மருந்து சாப்பிட்டும் பாதி வலியோடு இருக்கும் ஒருவரிடம் "இது மருந்து இல்லை, வெறும் சத்து, பக்கவிளைவே கிடையாது" என்று ஒரு மாத்திரையை நீட்டினால் அவர் எப்படி வேண்டாம் என்பார்?

அந்த நம்பிக்கைக்கு ஓர் உண்மையான வரலாறும் இருக்கிறது. வைட்டமின் என்ற கருத்தே பாதி நரம்பு நோயிலிருந்து பிறந்ததுதான். 1890-களில் டச்சுக்காரர்கள் ஆண்ட பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் ஐக்மன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்து, தள்ளாடி, நடக்க முடியாமல் போகும் நோய் அது. ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கும் அதே போலக் கால் விழுந்தது. ஆஸ்பத்திரியில் சமைத்த தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைத் தின்றபோது விழுந்த கோழிகள், தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் எழுந்து நடந்தன. அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று ஐக்மன் நினைத்தார். நஞ்சு எதுவும் இல்லை, தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது என்று சரியாகச் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ்.

நமக்கு இதில் ஒரு பங்கு உண்டு. அதே காலத்தில் மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பக்கத்துத் தோட்டங்களில் அதே உழைப்பு, அதே வெயில், அதே வறுமையில் கிடந்த தமிழர்களுக்கு அந்த நோய் அவ்வளவாக வரவில்லை. அங்கே மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து 1907-ல் ஒரு நூலே எழுதினார். வித்தியாசம் சோற்றுப் பானையில் இருந்தது. சீனர்கள் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் தயமின், அதாவது பி1, உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடும். இதெல்லாம் தெரிந்தா நம் பாட்டிமார் நெல் அவித்தார்கள் என்றால், இல்லை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, அவ்வளவுதான். அந்தத் தயமினை 1936-ல் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்.

இன்னொரு சம்பவம் சென்னையிலேயே நடந்தது. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநயாசிட் மருந்து உடம்பிலுள்ள பி6-ஐக் குலைத்துவிடும். அதிக அளவில் சாப்பிட்டவர்களுக்குப் பாத எரிச்சல் வந்தது. சேத்துப்பட்டில் இருந்த காசநோய் ஆய்வு மையம் 1960-களில் இதை ஆராய்ந்து, பைரிடாக்சின் என்ற பி6-ஐ மிகக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தாலே இந்த எரிச்சல் வராமல் தடுக்கலாம் என்று காட்டியது. இன்றும் காசநோய்க்காரர்களுக்கு அந்தச் சின்ன மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பதன் பின்னணி இதுதான்.

இந்த இரண்டு கதைகளிலும் ஒரு சத்து குறைந்தது, அதனால் நரம்பு கெட்டது, அந்தச் சத்தைக் கொடுத்ததும் சரியானது அல்லது கெடாமல் நின்றது. இதிலிருந்து நாம் தாவிய முடிவு வேறு. நரம்பு எதனால் கெட்டிருந்தாலும் வைட்டமின் கொடுத்தால் சரியாகும் என்று எடுத்துக்கொண்டோம். பெட்ரோல் தீர்ந்து நின்ற வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றினால் ஓடும். இன்ஜின் பழுதாகி நின்ற வண்டிக்கு எத்தனை லிட்டர் ஊற்றினால் என்ன?

சரி, சர்க்கரைக்காரர்களில் பெட்ரோல் தீர்ந்தவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள், நாம் நினைப்பதைவிட அதிகமாகவே. காரணம் பலர் தினமும் விழுங்கும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின். இது குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. நெதர்லாந்தில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் 390 பேரிடம் நான்கு வருடத்துக்கு மேல் நடந்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு பி12 அளவு, மற்றவர்களோடு ஒப்பிட்டால், 19 சதவீதம் இறங்கியிருந்தது. 2022-ல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பி12 குறைவது மெட்ஃபார்மினின் சகஜமான பக்கவிளைவு என்றும், பத்தில் ஒருவர் வரை பாதிக்கப்படலாம் என்றும் அறிவித்தது. ஈரலில் பி12 வருடக் கணக்கில் சேமிப்பாக இருப்பதால் பற்றாக்குறை உடனே தெரியாது. மெட்ஃபார்மின் தொடங்கி ஐந்து, ஆறு வருடம் கழித்துத்தான் வெளியே வரும். சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வரும். இரண்டும் பாதத்தில் தொடங்கும், இரண்டிலும் எரியும், மரத்துப்போகும். "சர்க்கரைதான் காரணம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது.

அசிடிட்டிக்கு என்று காலையில் வெறும் வயிற்றில் போடும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகளும் வருடக் கணக்கில் தொடர்ந்தால் பி12-ஐக் குறைக்கும். சைவ உணவு மட்டும் உண்பவருக்கு வரவே குறைவு. இந்த வைட்டமினைச் செடிகள் உண்டாக்குவதில்லை, பாக்டீரியாக்கள்தான் உண்டாக்குகின்றன. நம்பகமாகக் கிடைப்பது மீன், முட்டை, ஈரல், பால், தயிர் ஆகியவற்றில். முருங்கைக்கீரையில் எத்தனையோ சத்து இருக்கிறது, இது மட்டும் இல்லை. மெட்ஃபார்மின், அசிடிட்டி மாத்திரை, சைவம் மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது நம் ஊரில் அபூர்வமா என்ன?

இப்படிப்பட்டவருக்கு பி12 கொடுத்தால் பலன் உண்டு. கிரேக்கத்தில், நான்கு வருடத்துக்கு மேல் மெட்ஃபார்மின் சாப்பிட்டு, பி12 குறைவாகவும் நரம்புப் பாதிப்போடும் இருந்த 90 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்குத் தினமும் ஒரு மில்லிகிராம் மெத்தில்கோபாலமின், இன்னொரு பிரிவுக்கு வெறும் போலி மாத்திரை. ஒரு வருட முடிவில் பி12 எடுத்தவர்களின் வலியும் நரம்புச் சோதனை முடிவுகளும் மேம்பட்டிருந்தன. சின்ன ஆய்வுதான், ஆனால் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பாருங்கள்: பி12 குறைவு என்று அளந்து பார்க்கப்பட்டவர்கள். அளவு சரியாக இருப்பவருக்கு மேலும் பி12 கொடுத்தால் வலி குறையும் என்பதற்கு இப்படி உறுதியான ஆதாரம் கிடையாது.

இங்கேதான் நடைமுறையில் ஒரு கோளாறு. மாத்திரையை முதலில் கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து யாராவது பி12 சோதனை எழுதுகிறார்கள். அளவு எகிறிக் கிடக்கிறது. மாத்திரை தொடங்கும் முன் குறைவாக இருந்ததா இல்லையா என்பது இனிமேல் தெரியவே தெரியாது. ரத்தம் கொடுத்துவிட்டு அன்று சாயங்காலமே மாத்திரை தொடங்கினால் இந்தக் குழப்பம் இல்லை.

1500 மைக்ரோகிராம் என்ற எண்ணைப் பார்த்தும் மிரள வேண்டாம். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம்தான். ஆனால் குடலின் வழக்கமான வாசல் ஒரு வேளைக்கு அதற்குமேல் உள்ளே விடாது. மிச்சத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டும் தானாகக் கசிந்து ரத்தத்தில் சேரும். 1500-ல் ஒரு சதவீதம் என்றால் 15, அதுவே தாராளம். அதனால்தான் பற்றாக்குறை உள்ள பலருக்கு ஊசி இல்லாமல் மாத்திரையே போதுகிறது. நரம்பு அறிகுறிகள் கடுமையாக இருந்தால் மருத்துவர்கள் சிவப்பு ஊசியில் தொடங்குவார்கள், அது நியாயம். "மெத்தில் வகைதான் உசத்தி, சயனோ வகை மட்டம்" என்ற பேச்சுக்கு மட்டும் பெரிய அடிப்படை இல்லை. எந்த வகையாக உள்ளே போனாலும் செல் அதன் வாலைக் கழற்றிவிட்டுத் தனக்கு வேண்டிய வடிவில் மறுபடி கட்டிக்கொள்கிறது.

அடுத்தது ஆல்ஃபா லிபோயிக் அமிலம். இதன் கதை கொஞ்சம் சுவாரசியமானது. 1951-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் லெஸ்டர் ரீட் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தபோது, சுமார் பத்து டன் ஈரல் கழிவிலிருந்து கிடைத்தது வெறும் 30 மில்லிகிராம். இது வைட்டமின் அல்ல, உடம்பே இதைத் தயாரித்துக்கொள்கிறது. ஜெர்மனியில் பல காலமாகச் சர்க்கரை நரம்பு வலிக்கு இது மருந்தாகவே கொடுக்கப்படுகிறது. அங்கே சீக்லர் குழுவினர் 328 பேரிடம் செய்த அலாடின் ஆய்வு 1995-ல் வந்தது. மூன்று வாரம் ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள், ஒரு பிரிவுக்கு 1200 மில்லிகிராம், ஒன்றுக்கு 600, ஒன்றுக்கு 100, ஒன்றுக்கு வெறும் திரவம். 1200-ம் 600-ம் எரிச்சலைக் குறைத்தன. 100 மில்லிகிராம் வெறும் திரவத்தைவிடத் தெளிவாக மேலாக இல்லை.

இப்போது நம் அட்டையை மறுபடி திருப்புங்கள். அதில் இருப்பது 100 மில்லிகிராம். நேரடியாக ரத்தத்தில் ஏற்றியபோதே தேறாத அளவு, அதையும் வாய் வழியாக. யார் எந்தக் கணக்கில் இந்த 100-ஐத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எனக்குப் புரியாத புதிர். பெயர் அட்டையில் இருந்தால் போதும் என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

முழு அளவில் வாய் வழியாகக் கொடுத்தால்? ரஷ்யாவிலும் இஸ்ரேலிலும் 181 பேரிடம் நடந்து 2006-ல் வெளியான சிட்னி 2 ஆய்வில் 600, 1200, 1800 மில்லிகிராம் என்று ஐந்து வாரம் கொடுத்தார்கள். மூன்றிலும் தொல்லை ஏறக்குறைய பாதியானது. அளவு கூடக் கூட பலன் கூடவில்லை, குமட்டல்தான் கூடியது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு தொல்லை குறைந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நரம்பு வலி ஏறி இறங்கும் வலி. ஒருவர் தாங்கமுடியாத உச்சத்தில்தான் மாத்திரையைத் தேடுவார். அதன்பின் அது தானாகவே கொஞ்சம் இறங்கும். கவனிக்க ஒரு டாக்டர் இருக்கிறார் என்ற தெம்பு இன்னும் கொஞ்சம் இறக்கும். "இதைச் சாப்பிட்டு எனக்குக் குறைந்தது" என்று ஒருவர் சொல்வது பொய் இல்லை, ஆனால் எதனால் குறைந்தது என்பது வேறு கேள்வி.

நீண்ட காலப் பலனைத் தேடியவர்களுக்கு ஏமாற்றம்தான். 460 பேரிடம் நான்கு வருடம் நடந்த நேதன் 1 ஆய்வு தான் முன்கூட்டி நிர்ணயித்த முக்கிய இலக்கைத் தொடவில்லை, சில துணை அளவுகளில் மட்டும் சிறு முன்னேற்றம் காட்டியது. 2024 தொடக்கத்தில், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு, ஆறு மாதமோ அதற்கு மேலோ நடந்த ஆய்வுகளை மட்டும் சல்லடை போட்டது. தேறியவை மூன்று, 816 பேர். அறிகுறிகளில் அநேகமாக எந்த மாற்றமும் இல்லை என்பதே அவர்கள் கண்டது. சில வாரங்களுக்கு எரிச்சலைத் தணிக்கலாம், அதுவும் 600 மில்லிகிராமில். வருடக் கணக்கில் சாப்பிட ஆதாரம் போதவில்லை. கிழக்காசியர்களிடம் அதிகம் காணப்படும் ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு இது உடம்பையே இன்சுலினுக்கு எதிராகத் திருப்பி, சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிட்ட சம்பவங்களும் உண்டு. அபூர்வம்தான், ஆனால் "வெறும் சத்து" இதைச் செய்யாது.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். பென்ஃபோடயமின் நம் பழைய பி1-இன் கொழுப்பில் கரையும் வடிவம். ஆறு வார ஆய்வுகளில் கொஞ்சம் நம்பிக்கை தந்தது, நார்வேயில் இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தபோது நரம்புச் செயல்பாட்டில் எதுவும் மாறவில்லை. மஞ்சளின் குர்குமின் எலிகளிடம் நன்றாக வேலை செய்கிறது. மனிதக் குடல் அதை உறிஞ்சுவதே குறைவு.

அசிட்டைல் எல் கார்னிட்டினை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு டாக்சேன் வகை மருந்து எடுத்த 409 பெண்களிடம், கை கால் எரிச்சல் வராமல் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பில் அமெரிக்காவில் இதைக் கொடுத்தார்கள். 2013-ல் முடிவு வந்தபோது தலைகீழ்: இதைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் நரம்புப் பாதிப்பு அதிகம். கீமோ எடுக்கும் ஒருவருக்கு அன்பினால் யாராவது இதை வாங்கிக் கொடுத்தால், முதலில் அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

"தண்ணீரில் கரையும் வைட்டமின், அதிகமானால் சிறுநீரில் போய்விடும்" என்ற சமாதானம் பி6 விஷயத்தில் செல்லாது. 1983-லேயே, தினமும் 2 முதல் 6 கிராம் வரை பி6 விழுங்கிய ஏழு பேர் பாதம் மரத்து, தள்ளாடி நடக்கும் நிலைக்கு வந்ததை அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கிராம் கணக்கு மிகை என்றாலும், அதற்குப் பின் வந்த அறிக்கைகள் மிகச் சிறிய அளவுகளையும் சந்தேகப்பட வைத்தன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் தினசரி உச்சவரம்பை 25-லிருந்து 12 மில்லிகிராமாகக் குறைத்தது. ஆஸ்திரேலியாவில் தினம் 10 மில்லிகிராமுக்கு மேல் தரும் தயாரிப்புகளின் மேல் எச்சரிக்கை அச்சிட வேண்டும்: குறுகுறுப்போ எரிச்சலோ மரத்துப்போதலோ வந்தால் உடனே நிறுத்துங்கள் என்று. நாம் எந்தத் தொல்லைக்காக வாங்குகிறோமோ அதே தொல்லை! நம் மாத்திரையிலுள்ள 3 மில்லிகிராமால் பயமில்லை. ஆனால் நரம்பு மாத்திரை, தனியாக பி காம்ப்ளெக்ஸ், சத்து மாவு டப்பா, அப்பப்போ போடும் ஊசி என்று நான்கு வாசலில் வந்தால் கணக்கு ஏறும். பி1, பி6, பி12 மூன்றும் சேர்ந்த ஊசிகளில் பி6 மட்டும் 100 மில்லிகிராம் இருப்பது சாதாரணம்.

சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கனடாவில் இப்படிப்பட்ட 238 பேருக்கு ஃபோலிக் அமிலம் 2.5, பி6 25, பி12 1 மில்லிகிராம் தினமும் கொடுத்தார்கள். சிறுநீரகத்தைக் காக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2010-ல் வந்த முடிவில் வைட்டமின் எடுத்தவர்களின் சிறுநீரகம்தான் வேகமாக இறங்கியது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் அவர்களுக்கே அதிகம். நம் அட்டையின் ஃபோலிக் அமிலமும் பி12-ம் அந்த அளவுகளிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. கிரியாட்டினின் ஏறியவர்கள் நரம்பு மாத்திரையையும் மருந்தாகவே எண்ணி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பிரிகாபலினுக்கு வருகிறேன் என்றேன். இந்தியாவில் பிரிகாபலின் 75 மில்லிகிராமும் மெத்தில்கோபாலமினும் சேர்ந்த மாத்திரை மிகவும் பிரபலம். அதைச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கி எழுந்தவர், "வைட்டமின் மாத்திரையால் எரிச்சல் போயே போச்சு" என்பார். வலியைக் குறைத்தது பிரிகாபலின், பெயர் வாங்கியது வைட்டமின். அதோடு நின்றால் பரவாயில்லை. "சத்து மாத்திரைதானே" என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் இரண்டு கொடுப்பார், ஊருக்குப் போகும்போது எடுத்துப்போக மறந்து ஒரே நாளில் நிறுத்துவார். பிரிகாபலின் தலைசுற்ற வைக்கும், வயதானவரைக் கீழே தள்ளும், திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெட்டுப் பதற்றம் வரும். கலவையாக இருப்பதால் அளவைக் கூட்டவோ குறைக்கவோ மருத்துவருக்கும் வசதி இல்லை.

மருந்தாக இல்லாமல் உணவுத் துணைப்பொருளாக விற்கப்படும் டப்பாக்களில் இன்னொரு வேடிக்கை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிகளின்படி அவற்றின்மேல் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். அச்சிட்டும் இருக்கிறார்கள். அந்த வரிக்குப் பக்கத்திலேயே முதுகுத்தண்டிலிருந்து நரம்பு மின்னும் படம்.

ஆக, கால் எரிகிறது என்று போகிறவர் கேட்க வேண்டியது "நல்ல நரம்பு மாத்திரை எது" என்று அல்ல. மெட்ஃபார்மின் எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறேன், பி12 பார்த்ததுண்டா, தைராய்டு பார்த்தோமா, குடிப்பழக்கத்தைச் சொன்னேனா, சர்க்கரை மூன்று மாத சராசரியில் எங்கே நிற்கிறது? குறைவு என்று தெரிந்தால் பி12 மாத்திரை மலிவு, பத்திரம், பலனும் உண்டு. குறைவில்லை என்றால் அந்தக் காசை வலி மருந்துக்கும் நல்ல செருப்புக்கும் செலவிடலாம்.

செருப்பைச் சும்மா சொல்லவில்லை. எரிச்சல் குறைந்துவிட்டது என்று மாத்திரைக்கு நன்றி சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் நடந்திருப்பது வேறு. வலியை அனுப்பிக்கொண்டிருந்த நரம்பு முழுசாகவே அணைந்திருக்கும். மருத்துவர் ஒரு மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் பத்து கிராம் அழுத்தத்தில் குத்திப் பார்த்தால் இது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பார்க்காமல் விட்டால் தெரிவது வேறு விதமாக: சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்து, ராத்திரி வீட்டில் யாரோ சொல்லித்தான் பாதத்தில் கொப்புளம் இருப்பதையே பார்ப்பார்.